படங்களுக்கு ஒரு பொறுப்பாளர்

ஓரளவு பழமையுள்ள தமிழ்க் குடும்பம் ஒன்றில் பழைய படங்களைத் தேடத் தொடங்கினால் விசித்திரமான ஒரு நிலைமை புலப்படும். பாட்டனாருக்கு 1950-களில் நடந்த விவாகத்தின் படம், மூலைக்கு மூலை ஒட்டுத்தாள் வைத்துக் கறுப்பு அட்டையில் பொருத்தப்பட்டு, மாலையிலுள்ள பூக்களை எண்ணிவிடலாம் என்னும்படியான தெளிவுடன் இன்றும் அலமாரியில் இருக்கிறது. பேரனுக்குச் சென்ற மாதம் காது குத்திய படங்களோ வீட்டிலுள்ள ஒவ்வொருவர் கைபேசியிலும் நூற்றுக்கணக்கில் நிரம்பியிருக்கின்றன. ஆனால் ஏறத்தாழ 2003 முதல் 2013 வரையில் அந்த வீட்டில் நடந்த அறுபதாம் கல்யாணமும், வளைகாப்பும், குழந்தைகள் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துக்குப் போன நாளும் எங்கே என்று கேட்டால், "எடுத்தோமே, எங்கேயோ இருக்க வேண்டுமே" என்ற பதிலுக்குமேல் ஒன்றும் கிடைப்பதில்லை. சில படங்கள் ஒரு சி.டி.யில் இருக்கின்றன, அதைப் போட்டுப் பார்க்க வீட்டில் யந்திரம் இல்லை. சில படங்கள், பழுதாகிவிட்டதென்று பழைய சாமான்காரரிடம் போட்ட கம்ப்யூட்டரோடு போய்விட்டன. சில, ஆர்குட் என்னும் தளத்தில் ஏற்றப்பட்டிருந்தன. அந்தத் தளம் 2014 செப்டம்பர் 30-ஆம் தேதி மூடப்பட்டது. தாத்தாவின் காலம் தெரிகிறது, பேரனின் காலம் தெரிகிறது. நடுவிலே ஒரு தலைமுறையின் இளமை மட்டும் இருண்டு கிடக்கிறது.

இந்த நஷ்டத்தை யாரும் வேண்டுமென்று உண்டாக்கவில்லை. அலட்சியம் என்று சொல்வதும் பொருந்தாது, ஏனெனில் படம் எடுத்தவர்கள் அதனிடத்தில் மிகுந்த பிரியத்தோடுதான் எடுத்தார்கள். ஆல்பம் இருந்த காலத்தில் அதை எடுத்துவைக்கவும், விருந்தினர் வந்தால் காட்டவும், மழைக்காலத்தில் வெயில் காட்டவும் ஒவ்வொரு வீட்டிலும், சொல்லாமலே அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்ட ஒருவர் இருந்தார்; பெரும்பாலும் அவர் ஒரு அத்தையாகவோ பெரியம்மாவாகவோ இருந்தார். படங்கள் கண்ணாடியும் காகிதமும் விட்டு எண்களாக மாறியபோது அந்தப் பொறுப்பு யாரிடமும் ஒப்படைக்கப்படாமலே அந்தரத்தில் நின்றுவிட்டது. எந்தக் கருவியை வாங்குவது, எந்த நிறுவனத்துக்குச் சந்தா கட்டுவது என்ற கேள்விகளையே நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இந்த வீட்டில் இந்தக் காரியத்தை ஏற்றுச் செய்கிறவர் யார் என்ற கேள்வியே முதலில் கேட்கத்தக்கது என்பது என் அபிப்பிராயம்.

காகிதப் படம் நாள்பட நாள்பட மங்கும். ஆனால் அது மங்குவதை நாம் கண்ணால் காண்கிறோம். 1980-களில் அச்சிட்ட வண்ணப் படங்கள் சாயம் வெளிறிச் செம்மஞ்சளாகிவிட்டதை எல்லா வீடுகளிலும் பார்க்கலாம். ஆயினும் முகம் தெரிகிறது, இன்னார் என்று அடையாளம் சொல்ல முடிகிறது. ஓரத்தைப் பூச்சி அரித்தால் ஓரம் போகும், நடு நிற்கும். டிஜிட்டல் படத்துக்கு இத்தகைய முதுமை கிடையாது. கடைசிக் கணம்வரை எடுத்த அன்று இருந்தது போலவே இருந்துவிட்டு ஒரு நாள் திறக்க மறுக்கும். 1992-இல் வகுக்கப்பட்டு இன்று உலகெங்கும் வழங்கும் ஜேபெக் என்னும் முறையில், படத்தின் விவரம் சுருக்கெழுத்துப் போலத் தொடர்ச்சியான எண்களாக அடுக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தொடரின் இடையில் ஓரிடம் கெட்டாலும் அதற்கப்பால் உள்ளதைப் படிக்கும் மென்பொருள் தடம் தவறிவிடுகிறது. அவ்வாறு கெட்ட படம் ஒன்றைத் திறந்து பார்த்தவர்களுக்கு அதன் கோரம் தெரியும்: மேற்பாதியில் கோபுரமும் வானமும் பிசகின்றி இருக்கும், கோபுரத்தின் முன்னே நிற்கும் மனிதர்களின் நெற்றிவரை வந்து, அங்கிருந்து முகங்கள் பக்கவாட்டில் விலகிப் பச்சையும் ஊதாவுமாய்ப் பட்டைகள் ஓடி, அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம் பரவியிருக்கும். எவரைப் பார்ப்பதற்காகப் படத்தைத் திறந்தோமோ அவர்தான் அந்தச் சாம்பலுக்குள் இருப்பார்.

எண்களைத் தாங்கும் சாதனங்களும் நாம் நினைக்கிற அளவு உறுதியானவை அல்ல. வீட்டில் எழுதிக்கொள்ளும் சி.டி.யில் தகவலைத் தாங்குவது ஒரு மெல்லிய சாயப் படலம். வெளிச்சத்திலும் வெப்பத்திலும் அது வெளிறும். பென்டிரைவிலும் மெமரி கார்டிலும் மிகமிக நுண்ணிய அறைகளுக்குள் அடைபட்டிருக்கும் மின்னேற்றமே படம். பல ஆண்டுகள் எதிலும் செருகாமல் வைத்திருந்தால் அந்த மின்னேற்றம் சிறிது சிறிதாகக் கசிந்துவிடுவதுண்டு, வெப்பம் மிகுந்த இடத்தில் இன்னும் விரைவாகவே கசியும். கல்யாணம் முடிந்து இரண்டு மூன்று மாதங்களில் ஸ்டூடியோக்காரர் ஆல்பத்தோடு கூடக் கொடுக்கும் பென்டிரைவை, தாலிக்கொடிப் பெட்டியின் பக்கத்தில், மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறையின் இரும்பு பீரோவில், சித்திரை வைகாசி வெயிலெல்லாம் பட வைத்திருப்பவர்கள், மிகவும் ஜாக்கிரதையாக இருப்பதாக எண்ணிக்கொண்டே அதை மெல்ல இழந்துகொண்டிருக்கிறார்கள். ஸ்டூடியோவில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்பதும் வீண் நம்பிக்கை. அடுத்த முகூர்த்தங்களின் படங்களுக்கு இடம் வேண்டுமென்று பழைய டேட்டாவைச் சில மாதங்களுக்குமேல் அவர்கள் வைத்திருப்பதில்லை, வைத்திருக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஹார்ட் டிஸ்க் என்பது சுழலும் தட்டுகளையும் அவற்றின்மேல் மயிரிழை இடைவெளியில் மிதக்கும் முனையையும் கொண்ட யந்திரம். எல்லா யந்திரங்களையும் போல அதுவும் சில ஆண்டுகள் உழைத்து நின்றுபோகும்.

ஆகவே டிஜிட்டல் படத்தைப் பொறுத்தவரை காப்பது என்பது ஒருமுறை செய்து முடித்துவிடுகிற செயலாக இருக்க முடியாது. விதைநெல்லைப் பத்தாயத்தில் எத்தனை பத்திரமாகப் பூட்டிவைத்தாலும் அது சில பருவங்களுக்குமேல் முளைக்காது. விதைத்து, அறுத்து, புதிதாக எடுத்துவைத்துக்கொண்டே வந்தால்தான் அந்த நெல்லின் வம்சம் நிலைக்கும். அதே போல ஒரு சாதனத்திலிருந்து இன்னொரு சாதனத்துக்கு இடைவிடாமல் பெயர்த்துக்கொண்டே இருப்பதுதான் இந்தப் படங்கள் உயிர் வாழும் வழி.

இது நமக்குப் புதிய பாடமும் அன்று. பனையோலையில் எழுதப்பட்ட நூல்கள் பல நூற்றாண்டுகள் கடந்து நம்மிடம் வந்து சேர்ந்தது ஓலையின் வலிமையால் நேர்ந்ததில்லை. கறையானும் ஈரமும் மிகுந்த இந்தத் தேசத்தில் ஓர் ஏடு சில தலைமுறைகளுக்குமேல் தாங்குவது அரிது. ஏடு நைந்துபோகுமுன் யாரோ ஒருவர் உட்கார்ந்து புதிய ஓலையில் பெயர்த்தெழுதினார். அது நைந்தபோது வேறொருவர் எழுதினார். பெயர்த்தெழுதி முடிந்த பிறகு பழைய ஏட்டை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடுவதும், நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடுவதும் ஒருவகை மரியாதையாக வழங்கின. பிற்காலத்திலோ எழுதுவோர் இல்லாமற் போனார்கள். ஆனால் ஆற்றில் விடும் வழக்கமும் தீயில் இடும் வழக்கமும் மாத்திரம் நின்றபாடில்லை. ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே. சாமிநாதையர், கரிவலம்வந்தநல்லூர்க் கோவிலில் இருந்த சுவடிகள் அவ்வாறு ஓமத்தில் இடப்பட்ட செய்தியைக் கேட்டு மனம் நொந்ததைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நகல் எடுக்கும் கடமை ஒழிந்து, பழையதைக் கழிக்கும் சடங்கு மட்டும் மிஞ்சுவது எவ்வளவு பெரிய அபாயம் என்பதற்கு அதைக் காட்டிலும் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை. இன்று கடையில் பழைய கைபேசியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துப் புதியதை வாங்குகிறோம். அதிலிருந்த தொடர்பு எண்களை மட்டும் ஜாக்கிரதையாக மாற்றிக்கொண்டு, மூன்று நான்கு வருஷத்துப் படங்களில் பாதியை "பரவாயில்லை" என்று விட்டுவிட்டு வருகிறோம்.

காப்பது மனிதர் கையில் இருக்கிறது என்பதற்கு இன்னொரு வரலாற்றைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். 1966-லும் 1967-லும் அமெரிக்காவின் நாசா, மனிதர் இறங்குவதற்கு ஏற்ற இடத்தைச் சந்திரனில் தேர்ந்தெடுப்பதற்காக, லூனார் ஆர்பிட்டர் என்ற பெயரில் ஐந்து விண்கலங்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பிற்று. அவை எடுத்த படங்கள் கலத்துக்குள்ளேயே பிலிமில் கழுவப்பட்டு, கோடு கோடாக வருடப்பட்டு, வானொலி அலையாகப் பூமிக்கு வந்தன. பூமியில் அவற்றை இரண்டு அங்குல அகலமுள்ள காந்த நாடாக்களில் பதிந்துவைத்தார்கள். அவற்றுள் ஒன்று, 1966 ஆகஸ்டு 23-ஆம் தேதி முதற்கலம் எடுத்தது. சந்திரனின் கரடுமுரடான விளிம்புக்கு அப்பால் பிறைவடிவில் நம் பூமி தோன்றும் காட்சி, சந்திரனருகிலிருந்து மனிதகுலம் தன் வீட்டைக் கண்ட முதற் காட்சி அது. சந்திரனில் இறங்கும் காரியம் முடிந்தபின் அந்த நாடாக்களை நினைப்பவர் குறைந்தனர். அவற்றைப் படிப்பதற்கென்றே ஆம்பெக்ஸ் என்ற கம்பெனி செய்திருந்த யந்திரங்கள், ஒவ்வொன்றும் ஒரு பெரிய பீரோவைப் போன்றவை, அரிதாகி மறைந்தன. நாடாக்களைக் கழித்துவிடலாமா என்ற கேள்வி வந்தபோது, நான்சி எவன்ஸ் என்னும் ஆவணக் காப்பாளர், கழிப்பதற்கு மனம் ஒப்பாமல் அவற்றைக் காப்பாற்றினார். அத்துடன் நில்லாமல், படிக்கும் யந்திரங்கள் சிலவற்றையும் தேடிப் பெற்றுத் தம் வீட்டுக் கொட்டகையில் பல ஆண்டுகள் வைத்திருந்தார். நாடா மட்டும் இருந்து யந்திரம் இல்லாவிட்டால் பயனில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 2007-க்குப் பிறகு ஒரு சிறு குழுவினர் முன்வந்து, கலிபோர்னியாவில் நாசாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் மூடிக்கிடந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் சிற்றுண்டிக் கடையையே பணிமனையாக்கிக்கொண்டு, அந்த யந்திரங்களைப் பழுதுபார்த்து ஓடவிட்டார்கள். 2008-இல் பூமியின் பிறை மறுபடியும் வெளிவந்தது. 1966-இல் பத்திரிகைகளில் வெளியான படத்தில் காணாத நுட்பங்களெல்லாம் அதில் தெரிந்தன.

செல்வமும் விஞ்ஞானமும் மிகுந்த ஒரு தேசத்தின் படமே ஒரு பெண்மணியின் பிடிவாதத்தினால்தான் பிழைத்தது என்றால், நம் வீட்டுப் படங்கள் தாமாகவே பிழைத்துக்கொள்ளும் என்று இருப்பது சரியாகுமா? அதே தேசத்தில் பிக்ஸார் என்னும் படக் கம்பெனி 'டாய் ஸ்டோரி 2' என்ற படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்த 1998-ஆம் ஆண்டில், யாரோ தவறுதலாக இட்ட ஒரு கட்டளையினால் படத்தின் பெரும்பகுதி கண்ணெதிரே அழிந்தது. பேக்கப் இருக்கிறதென்று தைரியமாக இருந்தவர்கள் அதைத் திறந்து பார்த்தபோது, அது பல நாட்களாகவே சரிவர எழுதப்படாமல் இருந்தது தெரிந்தது. ஒருவரும் அதைச் சோதித்துப் பார்த்திருக்கவில்லை. குழந்தை பிறந்து வீட்டிலிருந்தே வேலை செய்துவந்த கேலின் சஸ்மன் என்ற பெண்மணியின் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. அதைக்கொண்டு படத்தை மீட்டார்கள். இந்தக் கதையில் இரண்டு விஷயங்கள் நமக்கு உபயோகமானவை. திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பக் கூடாது என்பது ஒன்று. ஒரு பிரதியாவது வேறொரு கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. பீட்டர் குரோ என்னும் அமெரிக்கப் புகைப்படக்காரர், மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வெளியிடத்தில் என்று இதை ஒரு சூத்திரமாகவே சொல்லிப் பரப்பினார். இன்றுவரை அதைவிடச் சுருக்கமான நல்ல விதியை நான் கண்டதில்லை. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளம் முழுகிய வீடுகளில், கம்ப்யூட்டரும் அதன் பக்கத்தில் வைத்திருந்த ஹார்ட் டிஸ்க்கும் ஒரே நாளில் ஒன்றாகவே நனைந்தன. அண்ணன் வீட்டுப் படங்களின் பிரதி தங்கை வீட்டிலும், தங்கை வீட்டுப் படங்களின் பிரதி அண்ணன் வீட்டிலும் இருக்குமானால் இந்த விதிக்கு வேறு செலவு வேண்டியதில்லை.

"கிளவுடில் இருக்கிறது, கவலை இல்லை" என்று சொல்வோர் இப்போது அதிகமாகிவிட்டார்கள். அது நல்ல வசதிதான். வெளியூரில் ஒரு பிரதி என்ற நிபந்தனையைப் பலருக்கு அதுவே நிறைவேற்றித் தருகிறது. வேண்டாமென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் தன்மையைத் தெரிந்துகொண்டு உபயோகிக்க வேண்டும். கூகுள் போட்டோஸ் 2015-இல் தொடங்கியபோது அளவில்லாமல் இலவசமாக வைத்துக்கொள்ளலாம் என்றது. 2021 ஜூன் 1-ஆம் தேதியிலிருந்து அந்த ஏற்பாடு நின்று, மின்னஞ்சல் முதலிய எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபி என்ற வரம்பு வந்தது. இரண்டு ஆண்டுகள் திறக்கப்படாத கணக்குகளை நீக்கும் நடைமுறை 2023 டிசம்பரில் ஆரம்பமாயிற்று. இவற்றில் துரோகம் ஒன்றுமில்லை. வியாபார ஸ்தாபனம் தன் கணக்கைப் பார்த்துக்கொள்கிறது, நம் சந்ததியின் ஞாபகங்களைக் காப்பதாக அது நமக்குச் சத்தியம் செய்துகொடுக்கவில்லை. மேலும், கைபேசியோடு இணைந்து இயங்கும் இத்தகைய சேவைகளில், இடம் போதவில்லையென்று அந்தச் செயலியில் ஒரு படத்தை அழித்தால் அங்கேயும் அது குப்பைத்தொட்டிக்குப் போய்ச் சில வாரங்களில் மறைந்துவிடும் என்பதைப் பலரும் இழந்த பிறகே அறிகிறார்கள். இரண்டு இடத்தில் தெரிகிறது என்பதனாலேயே இரண்டு பிரதிகள் உள்ளன என்று கொள்ளக் கூடாது.

காகிதத்தை நாம் அவ்வளவு சீக்கிரம் கைவிட்டிருக்க வேண்டியதில்லை. 2011 மார்ச் 11-ஆம் தேதி ஜப்பானின் கிழக்குக் கரையைக் கடல் கொண்டபோது, மியாகி மாகாணத்திலுள்ள யாமமோட்டோ என்ற சிறிய ஊரில் மட்டும் சேற்றிலிருந்து சுமார் 7,50,000 புகைப்படங்கள் பொறுக்கி எடுக்கப்பட்டன. தொண்டர்கள் ஒவ்வொன்றாக நீரில் அலம்பி, உப்பும் சேறும் போக்கி, கொடியில் உலர்த்தி, எண் இட்டு, நகலெடுத்து, உரியவர்கள் வந்து தேடிக்கொள்ளும்படி அடுக்கிவைத்தார்கள். வீடு போய், உறவு போய் வந்தவர்கள் அந்த அடுக்குகளில் தங்கள் தாயாரின் முகத்தைத் தேடினார்கள். சேறு அப்பிய காகிதத்தை அலம்பலாம், கிழிந்ததை ஒட்டலாம், யாருடையதென்று எந்தக் கருவியும் இல்லாமல் பார்த்தே அறியலாம். உப்புநீர் புகுந்து மூடிக்கிடக்கும் கைபேசியிலிருந்து அதிலுள்ள முகங்களை எந்தத் தொண்டரும் அலம்பி எடுக்க முடியாது. இணையத்தை ஆக்கிய முன்னோடிகளுள் ஒருவரான விண்டன் செர்ஃப் என்பவரே 2015-இல், உண்மையில் நேசிக்கும் படங்களைக் காகிதத்தில் அச்சிட்டுக்கொள்ளுங்கள் என்று பகிரங்கமாகச் சொன்னார். ஆண்டுக்கு இருபது முப்பது படங்களை நல்ல தாளில் அச்சிட்டு வைப்பது ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு மிஞ்சிய செலவாகாது. கரிஷ்மா ஆல்பம் என்று கல்யாணத்துக்கு மட்டும் ஆயிரக்கணக்கில் செலவிடும் நாம், ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டியின் படத்துக்கு அதில் நூற்றில் ஒரு பங்கு செலவிட்டால் போதும்.

எந்த இருபது முப்பது என்பதில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது. ஒரு கைபேசியில் ஒரே நாளில் சேரும் படங்களை வரிசையாகப் பார்த்தால், அதிகாலையில் யாரோ அனுப்பிய சூரியனும் ரோஜாவும் கூடிய 'காலை வணக்கம்', அப்புறம் மின்கட்டண ரசீது, ரேஷன் கார்டின் இரு பக்கங்கள், கேஸ் சிலிண்டர் ஏஜென்ஸியின் எண் எழுதிய சுவர், மருந்துச் சீட்டு, ஒரே கோணத்தில் பதினாறு தடவை எடுத்த குழந்தையின் சிரிப்பு, அந்தச் சிரிப்புகளின் இடையில் தற்செயலாகப் பின்னணியில் நின்று வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கும் தாத்தா என்று இருக்கும். அடுத்த மாதம் தாத்தா இறந்துபோனால் அந்தப் பதினாறிலும் உள்ள அருமை அவர் நிற்கும் ஒன்றே. அதை இப்போதே பிரித்து எடுத்து வைக்காவிட்டால், பத்து வருஷம் கழித்து நாற்பதாயிரம் படங்களுக்கு நடுவில் அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுமை யாருக்கும் இராது. அழிந்த படத்துக்கும் அகப்படாத படத்துக்கும் பேரனைப் பொறுத்தவரை வித்தியாசம் இல்லை. ஆகையால் சேமிப்பு என்பதன் முதற்படி கழித்தல். மின்கட்டண ரசீதையும் ரோஜாவையும் அழிக்கக் கை கூசக் கூடாது. பதினாறில் இரண்டை வைத்துக்கொண்டு பதினான்கை விட மனம் துணிய வேண்டும்.

வைத்துக்கொண்டதற்குப் பெயர் எழுத வேண்டும். பழைய ஸ்டூடியோப் படத்தைத் திருப்பினால் கடையின் முத்திரையும், நீல மையில் 'சி. சௌ. மங்களம், தம்பி ராமு, 1947 தை' என்பது போன்ற ஒரு வரியும் இருக்கும். அந்த ஒரு வரி இல்லாத படத்தில், யாரென்று தெரியாத ஒரு பெண்ணும் யாரென்று தெரியாத ஒரு சிறுவனும் நிற்பார்கள். கைபேசி தானாகவே தேதியையும் இடத்தையும் படத்துக்குள் எழுதிவைக்கிறதே என்றால், வாட்ஸாப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும்போது அந்தக் குறிப்புகள் உதிர்ந்துவிடுகின்றன. படமும் சுருக்கப்பட்டு நுட்பம் குறைந்து போகிறது. உறவினர் எடுத்த முக்கியமான படம் வேண்டுமானால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லி வாங்குவதே முறை. ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு போல்டர், அதற்குள் ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒன்று, அதன் பெயரிலேயே ஆண்டும் மாதமும் ஊரும், அத்துடன் யார் யார் நிற்கிறார்கள் என்று எழுதிய ஒரு சிறு குறிப்பு, இவ்வளவு போதும். விலையுயர்ந்த மென்பொருள் எதையும் நம்பி அடுக்கினால் அந்த மென்பொருள் போகும் நாளில் அடுக்கும் கலைந்துவிடும். எழுத்துத் தெரிந்தவர் எவருக்கும் புரியும் பெயர் நீடிக்கும். பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு இந்தப் பெயர்களைக் கேட்டு எழுதுவது, வேறெந்தப் பேக்கப்பையும்விட அவசரமான காரியம். சாதனம் கெட்டால் வேறு வாங்கலாம், சின்னம்மாவின் ஞாபகத்துக்குப் பிரதி கிடையாது.

இவையெல்லாம் ஒருவர் பொறுப்பேற்காமல் நடவாது. வீட்டில் யாருக்கு இதில் சிரத்தை இருக்கிறதோ, அது கல்லூரியில் படிக்கும் பெண்ணாக இருந்தாலும் பென்ஷன் வாங்கும் மாமாவாக இருந்தாலும், அவரிடம் எல்லோரும் தங்கள் படங்களை ஒப்படைப்பதென்றும், ஆண்டுக்கு ஒருமுறை குடும்பம் கூடுகிற நாளில், பொங்கலானாலும் ரம்ஜானானாலும் கிறிஸ்துமஸானாலும், அவர் அவற்றை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் சேர்த்து, பழையனவற்றுள் சிலவற்றைத் திறந்து சோதித்து, ஒன்றை வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்தனுப்புவதென்றும், ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை டிஸ்க்கையே மாற்றுவதென்றும் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளலாம். அதற்கு ஆகும் செலவு தீபாவளிக்கு எடுக்கும் ஒரு பட்டுப்புடவையின் விலையை எட்டாது.

இந்தப் பொறுப்புக்கு வாரிசும் வேண்டும். குடும்பத் தலைவர் திடீரென்று காலமாகிவிட்டால் அவருடைய கைபேசி வீட்டார் கையில் இருக்கிறது, ஆனால் திறக்கவில்லை. விரல்ரேகை போய்விட்டது, கடவுச்சொல் அவரோடு போய்விட்டது. கடவுச்சொல்லை மாற்றலாமென்றால் ஓ.டி.பி. வரவேண்டிய சிம் கார்டு, ரீசார்ஜ் செய்வாரின்றிச் சில மாதங்களில் செயலற்று, பிறகு வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டுவிடுகிறது. அந்தக் கண்ணாடிப் பலகைக்கு அடியில் அவர் மனைவியும் மக்களுமாகப் போன யாத்திரைகள் எல்லாம் இருக்கின்றன. காரியங்கள் முடிந்து உறவினர் கலைந்தபின் அந்தப் பெண்மணி அதைக் கையில் வைத்துக்கொண்டு கடைகடையாக ஏறி இறங்குவது தமிழ்நாட்டில் இப்போது அபூர்வமான காட்சி அன்று. நிலபுலத்துக்கு உயில் எழுதுகிறோம். வங்கிக் கணக்குக்கு நாமினி நியமிக்கிறோம். கூகுள் கணக்கில், குறிப்பிட்ட காலம் நாம் திறக்காவிட்டால் நம் படங்களை இன்னாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று எழுதிவைக்கும் ஏற்பாடு 2013 முதலே இருக்கிறது; ஆப்பிளிலும் 2021 முதல் அத்தகைய வாரிசை நியமிக்கலாம். இதற்குப் பத்து நிமிஷத்துக்குமேல் பிடிக்காது. இதைப் படிப்பவர்கள் இன்றைக்கே செய்யும்படி வேண்டிக்கொள்கிறேன்.

வீட்டைத் தாண்டி ஊரையும் நினைக்க வேண்டும். தமிழின் முதல் மௌனப் படமாகிய 'கீசக வத'த்தின் பிரதி ஒன்றேனும் இன்று இல்லை. 1931-இல் வந்த முதல் பேசும்படமாகிய 'காளிதாஸு'ம் இல்லை. ஏ.கே. செட்டியார் உலகைச் சுற்றி ஏறத்தாழ 50,000 அடி பிலிம் சேகரித்து 1940-இல் வெளியிட்ட காந்தியடிகளின் படம் நெடுங்காலம் அகப்படாமலிருந்து, அதன் ஆங்கில வடிவம் ஒன்று பிற்காலத்தில் அமெரிக்காவிலிருந்து கிடைத்தது. ஒரு பிரதி கடல் கடந்து போயிருந்ததே அதைக் காத்தது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது போன சுமார் 97,000 நூல்களில், வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் இருந்தன. மறுபுறம், விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்துகொண்டே புத்தகமும் நோட்டீசும் அழைப்பிதழும் சேர்த்த கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் என்ற தனி மனிதரின் சேகரம், அவர் மறைவுக்குப்பின் 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக எழுந்தது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பழைய தமிழ் ஸ்டூடியோக்களின் படங்களைத் தேடி டிஜிட்டல் பிரதி எடுத்து, பிரிட்டிஷ் நூலகத்திலும் அவற்றைப் பார்க்கும்படி செய்திருக்கிறது. இம்மாதிரியான முயற்சி ஒன்றிரண்டு நிறுவனங்களோடு நின்றுவிடுவது போதாது.

நம் மாநிலத்தில் 1948-ஆம் ஆண்டின் நூலகச் சட்டப்படி வீட்டுவரியோடு நூலக வரியும் செலுத்தி வருகிறோம். மாவட்டங்களில் மைய நூலகங்கள் இருக்கின்றன. அங்கே ஒரு மேஜையும், ஒரு ஸ்கேனரும், பயிற்சி பெற்ற ஒரு நூலகரும் இருந்து, ஊர்க்காரர்கள் கொண்டுவரும் குடும்பப் படங்களையும், மூடப்படுகிற ஸ்டூடியோக்களின் நெகடிவ் பெட்டிகளையும் பெற்று, படத்திலுள்ளவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, யார் பார்க்க அனுமதி என்று கேட்டு எழுதிக்கொண்டு, ஒரு பிரதியை உரியவரிடமும் ஒரு பிரதியைச் சென்னையிலும் வைக்கலாம். பொது நூலகத் துறை இதை எல்லா மாவட்டங்களிலும் ஒரே சமயத்தில் தொடங்க வேண்டுமென்பதில்லை. பழைய ஸ்டூடியோக்கள் மிகுந்த மதுரையிலோ கும்பகோணத்திலோ இந்த ஆண்டில் ஓர் இடத்தில் தொடங்கட்டும். அந்த ஸ்டூடியோக்களின் முதலாளிகளில் பலர் எழுபது வயதைக் கடந்துவிட்டார்கள், எந்தப் பெட்டியில் எந்த வருஷத்து நெகடிவ் இருக்கிறதென்று சொல்லத் தெரிந்தவர்கள் அவர்களே.